கலிவிக்கோடி தொலைந்த கதை

இந்தியப் பறவையியல் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த கதையில், பறவையைக் கண்டுபிடித்தவர் பறவையியலாளரே இல்லை. இரவில் விளக்கோடு புதர்க்காட்டுக்குள் வேட்டைக்குப் போகிறவர். ஆந்திராவில் கடப்பா மாவட்டத்து ரெட்டிப்பள்ளிக்காரர். பெயர் ஐதன்னா. 1986 ஜனவரியில் ஓர் இரவு அவர் கையில் அகப்பட்டது, 86 வருஷமாக யாரும் பார்த்ததில்லை என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பறவை.

ஆங்கிலத்தில் அதன் பெயர் ஜெர்டன்ஸ் கோர்சர். தாமஸ் ஜெர்டன் மதராஸ் ராணுவத்தில் மருத்துவர். நெல்லூரில் வேலை பார்த்த காலத்தில் அங்கிருந்த யானாதி மக்களிடம் உயிரினங்களின் பெயரையும் பழக்கத்தையும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டவர். அவர் கொண்டுவந்த இந்தப் பறவையை 1848இல் எட்வர்ட் பிளைத் அறிவியல் உலகுக்கு விவரித்தார். பிறகு கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களிலும் கோதாவரிப் படுகையிலும் சில பதிவுகள். 1900இல் அனந்தபூர் பக்கம் ஹோவர்ட் கேம்ப்பெல் பார்த்தார். அதோடு சரி. நடுவில் பலமுறை தேடியும் கிடைக்காததால், அழிந்துபோயிருக்கும் என்றே பெரும்பாலானவர்கள் முடிவுகட்டினார்கள்.

நம்மூர் ஆள்காட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கொஞ்சம் சின்னது, சுமார் 27 செ.மீ. நெஞ்சில் மாலை போட்டதுபோல இரண்டு பழுப்புப் பட்டைகள். கண் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிது. முழுக்கதையும் அந்தக் கண்ணில்தான் இருக்கிறது. அது இராத்திரிப் பறவை. பகலில் புதரடியில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் மண்ணுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆபத்து என்றாலும் பெரும்பாலும் பறக்காது, ஓடி மறையும்.

இப்போது தேடியவர்களின் பக்கம் யோசிச்சுப் பாருங்க. விடியலில் கிளம்பி, வெயில் ஏறினால் திரும்பி, சாயங்காலம் இன்னொரு நடை. பறவை பார்ப்பதன் நேரம் அன்றும் இன்றும் அதுதான். அந்த நேரத்துக்குள் வராத பறவை குறிப்பேட்டிலும் வராது. குறிப்பேட்டில் வராத பறவை நாளடைவில் ‘இல்லாத’ பறவையாகிவிடும்.

1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வேறு வழியில் போனது. ஆராய்ச்சியாளர் பாரத் பூஷண் ஊர் ஊராகப் போய், பறவையின் படத்தைக் காட்டி, காட்டோடு பழகியவர்களிடம் விசாரித்தார். இதைப் பார்த்திருக்கிறோம் என்று சொன்ன ஆட்கள் இருந்தார்கள். அப்படித்தான் ஐதன்னாவின் விளக்கு வெளிச்சத்தில் கதை முடிச்சவிழ்ந்தது. நூற்றாண்டு இடைவெளியில் ஜெர்டன் செய்ததும் பூஷண் செய்ததும் ஒன்றுதான்: உள்ளூர்க்காரரிடம் கேட்டார்கள்.

சில வருஷம் முன்பு நண்பர்களோடு சித்தவட்டம் பக்கம் போயிருந்தேன். கோர்சரைப் பார்த்துவிடும் ஆசையெல்லாம் இல்லை, புதர்க்காட்டுப் பறவைகள் போதும் என்றுதான் போனோம். இருட்டுகிற நேரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் எங்கள் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்தார். “கிளம்பிட்டீங்களா பாபு? இனிமேதானே எல்லாம் வெளிய வரும்!” என்றார் தெலுங்கில். இருந்து பார்த்தோம். பக்கியின் கண்கள் பாதையில் கங்குபோல் ஒளிர்ந்தன. ஒரு காட்டு முயல் எங்களைச் சட்டை செய்யாமல் குறுக்கே போனது. ஒரு சின்ன மரத்தில் தேவாங்கு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்ல உள்ளே நகர்ந்தது. எங்களுக்கு மூன்றுமே எதிர்பாராதவை. அவருக்கு அது ஒரு சாதாரண சாயங்காலம்.

புத்தகம் சொன்ன ‘86 வருஷம்’ கூட முழு உண்மை இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு முட்டை கிடந்தது. 1917இல் கோலார் தங்கவயல் பகுதியில் சேகரித்தது. இந்த நூற்றாண்டில் அதை மரபணுச் சோதனை செய்தபோது கோர்சரின் முட்டை என்று உறுதியானது. கடைசியாகப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட வருஷத்துக்கு 17 வருஷம் கழித்தும், ஆயிரக்கணக்கான தமிழர்கள் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டிருந்த அந்த ஊர்ப் பக்கம், அது கூடு வைத்திருக்கிறது!

தெலுங்கில் இதற்குப் பெயர் கலிவிக்கோடி. கலிவி என்பது நம் சிறுகளா, கோடி என்பது கோழி. களாப்புதர்க் கோழி. வாழ்கிற இடத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். தேடிப்போன துரைமார்களுக்கு இந்த ஒரு சொல்லே முகவரியாக இருந்திருக்கும். ‘மறுகண்டுபிடிப்பு’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு இப்போது ஒரு கேள்வி வருகிறது. தொலைத்தது யார்?

இதைப் பழங்கதையாக விட்டுவிட முடியாது. பறவை கிடைத்த பிறகு அந்தப் பகுதி லங்கமல்லேஸ்வரா சரணாலயமானது. ஆனாலும் 2005இல், சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் அதே தெலுங்கு கங்கைத் திட்டத்தின் ஒரு கால்வாய்க்காக, கோர்சரின் வாழிடத்தில் சட்டவிரோதமாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் தகவல் சொல்ல, வேலை நிறுத்தப்பட்டு, பின்னர் பாதை மாற்றப்பட்டது. அரசுக் கோப்புகளில் முள்ளும் புதருமான இடத்துக்கு இன்னும் ‘தரிசு’ என்றுதான் பெயர். கோர்சருக்கு அடர்காடும் ஆகாது, வெட்டவெளியும் ஆகாது. புதர்களுக்கு நடுவே ஓடித்திரிய மண் தெரியவேண்டும். அளவோடு ஆடு மேய்வதும் விறகு வெட்டுவதும் அந்த இடைவெளியைக் காப்பாற்றித் தருகின்றன. அளவு மீறினால் புதரும் போகும், பறவையும் போகும்.

தமிழில் பறவைகளைப் பற்றி எழுதிவரும் ப. ஜெகநாதன் அந்தக் காட்டில் வருஷக்கணக்கில் இதை ஆராய்ந்தவர். அவரும் சகாக்களும் புதர்களுக்கிடையே மெல்லிய மண்ணைப் பட்டையாகப் பரப்பிவைத்து, காலையில் போய்க் கால்தடம் தேடினார்கள். தானியங்கிக் கேமராக்கள் வைத்தார்கள். இருட்டில் அதன் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவ்வளவு செய்தும், பிறகு பத்தாண்டுக்கு மேல் உறுதியான பதிவே இல்லாமல் போனது. அழியும் விளிம்பிலுள்ள பறவைகளின் பட்டியலில்தான் அது இன்றும் இருக்கிறது.

அடுத்த முறை பறவை பார்க்க எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இருட்டின பிறகும் கொஞ்ச நேரம் இருங்கள். ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். அந்தப் பக்கத்துப் பறவைகளுக்கு அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.