சேற்றில் பிடிக்காத நங்கூரம்

எங்கள் உணவகத்தில் கோப்பை கழுவும் தம்பி ஒருவன் பழைய அலுமினிய வள்ளம் ஒன்று வாங்கியிருக்கிறான். வில்லாவுட்டுக்குக் கிட்டவுள்ள ஜோர்ஜஸ் ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறானாம். "அண்ணை, நீங்கள் கடற்கரை ஆள்தானே, நல்ல பாரமான நங்கூரமாய் வாங்கினால் காணும்தானே?" என்று கேட்டான். ஆற்றின் அடி அனேகமாகச் சேறு. காணாது என்று சொன்னேன். ஏன் காணாது என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் தேவை.

1659 யூலை 2, காலித் துறைமுகம். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஒரு வருடம்தான். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் 'அவொன்ட்ஸ்ரர்' என்ற கப்பல் (மாலை நட்சத்திரம் என்று அர்த்தம்) பாக்கு ஏற்ற நின்றது. இரவில் நங்கூரம் கழன்று கப்பல் நகர்ந்தது. யாரும் ஏதும் செய்யமுதல் அடிதட்டி உடைந்துவிட்டது. புயலில்லை, சண்டையில்லை... துறைமுகத்துக்குள் நின்ற கப்பல்! பிறகு வண்டலும் மணலும் மூடிப் பாதுகாத்ததால் 1990களில் அதைக் கண்டுபிடித்தார்கள். அகழ்வாய்வுக்கு மேற்கு அவுஸ்திரேலிய அருங்காட்சியகத்து ஆட்களும் உதவினார்கள். 2004 சுனாமி அந்தக் குழுவின் காலித் தளத்தையும் விட்டுவைக்கவில்லை.

கப்பலைப் பிடித்து வைப்பது நங்கூரத்தின் பாரம் என்றுதான் அனேகர் நினைக்கிறார்கள். கல் நங்கூரக் காலத்தில் அது பாதி உண்மை. இந்து சமுத்திரத்துக் கல் நங்கூரங்களில் துளை போட்டு மரக்கட்டைகளைச் செருகியிருப்பார்கள், அடியைக் கிளறிப் பிடிக்க. அந்த ஆட்களுக்கே பாரம் மட்டும் காணாது என்று தெரிந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்து இரும்பு நங்கூரத்தின் அலகு சின்னது. இறுகிய களியிலும் மணலிலும் குத்தி நிற்கும். இளகின சேற்றில் வெண்ணெயில் கத்தி போனமாதிரி உழுதுகொண்டு போகும். நாலு கொழுக்கி வைத்த நங்கூரமும் அப்படித்தான், அது பாருக்கும் கல்லுக்கும் உரியது.

கிளாலிக் கடனீரேரியில் சின்ன வயதில் நான் பார்த்தது நங்கூரமே இல்லை. சேற்றில் தடியை ஆழ ஊன்றி வள்ளத்தைக் கட்டிவிடுவார்கள். ஆழமில்லாத இடத்தில் அதைவிட நல்ல யோசனை இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆழமான சேற்றுக்கு விடை வர 1930களின் கடைசி ஆனது. றிச்சார்ட் டான்ஃபோர்த் என்ற அமெரிக்கர் அகன்ற இரண்டு தகட்டு அலகுகள் வைத்து, பாரம் குறைந்த நங்கூரம் ஒன்றை உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் படைகளைக் கரையிறக்கும் படகுகள் அதைத்தான் பாவித்தன. தகடு சேற்றுக்குள் புதைந்தால், மேலேயுள்ள சேறு முழுவதையும் தூக்காமல் அது வெளியே வராது. அலகு தண்டோடு ஏறக்குறைய 32 பாகையில் விரிந்தால் மணலுக்கு நல்லது, 45 பாகை இளகின சேற்றுக்கு. சில கொம்பனிகள் இரண்டு கோணத்திலும் பூட்டக்கூடியதாகவே விற்கிறார்கள்.

ஆனால் கயிறு குட்டை என்றால் எந்த நங்கூரமும் கிளம்பிவிடும். இழுவை கிடையாக வரவேண்டும். அதற்குத்தான் நங்கூரத்துக்குக் கிட்ட கொஞ்சச் சங்கிலி. பெருக்கு நேரத்து ஆழம் 10 அடி, அணியத்தின் உயரம் 2 அடி என்றால், ஏழு மடங்கு: 84 அடி கயிறு. பத்து வெள்ளி மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

கடைசியாக ஷக்கிள், சங்கிலியையும் நங்கூரத்தையும் பிணைக்கும் அந்த லாட வடிவ வளையம். எல்லாம் பலமாக இருந்து இது கழன்றாலும் அவொன்ட்ஸ்ரர் கதைதான். அதன் ஆணி சங்கிலிக் கம்பியைவிட ஒரு அளவு தடித்திருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய சங்கிலிக்குத் துத்தநாகம் பூசிய ஷக்கிளே போடவேண்டும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலைக் கலந்தால் உப்புத்தண்ணீரில் துத்தநாகம் கெதியாக அரிபடும். திருகாணி அலையின் ஆட்டத்தில் தானாகத் தளரும். ஆகவே இறுக்கியபின் ஆணியின் கண்ணுக்குள்ளால் கம்பி விட்டு, ஷக்கிளோடு சேர்த்து முறுக்கிவிடுங்கள்.