லூயிஸ் ஹைன் எடுத்த நூற்பாலைப் படங்கள்

அமெரிக்கத் தென் மாநில நூற்பாலைகளில் சிறுவர்கள் வேலை பார்த்ததற்கு வலுவான சாட்சி, லூயிஸ் ஹைனின் புகைப்படங்கள். தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு 1908இல் அவரைப் பணியில் அமர்த்தியது. ஆலைக்காரர்கள் தடுத்த இடங்களில் வேறு ஆள்போலச் சொல்லிக்கொண்டு நுழைந்தார். தம் கோட்டுப் பொத்தான்களையே அளவாக வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் கணித்தார்.

1909இல் ஜார்ஜியாவின் மேகான் நகரில் எடுத்த படத்தில் சிறுவர்கள் நூற்பு இயந்திரத்தின் மீதே ஏறி நிற்கிறார்கள். அறுந்த நூலை முடியவும் காலி பாபினை மாட்டவும் கீழே நின்றால் கை எட்டாது. ஒருவன் வெறுங்காலோடு இருக்கிறான். இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்த 1916இல் வந்த கீட்டிங்-ஓவன் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1918இல் செல்லாததாக்கியது. நாடு தழுவிய நிலையான கட்டுப்பாடு 1938இல்தான் வந்தது. ஹைன் அக்குழுவுக்காக எடுத்த 5,000க்கும் மேற்பட்ட படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன.