சங்குச் சத்தத்துக்குச் சாப்பிடும் ஊர்

கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பக்கம் 1799-ல் வந்து சேர்ந்தது. ஆட்சி மாறியதே தவிர அடுப்பில் ஏறிய பானை மாறவில்லை. அடுத்த ஆண்டு, 1800-ல், சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை பயணம் போன பிரான்சிஸ் புக்கானன், மைசூர்ச் சீமையின் மேட்டு நிலங்களில் கேழ்வரகுதான் தலைமைப் பயிர் என்று எழுதிவைத்தார். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கமும் அதே கதைதான். வானம் பார்த்த செம்மண்ணில் வேறு எதை நம்பி விதைப்பது? புழு அண்டாமல் வருடக்கணக்கில் கிடக்கும் தானியம் என்பதால் பஞ்ச காலத்துக்கும் அதுவே கைமுதல்.

களி கிண்டுவது கைப்பழக்கம். நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, அதன்மேல் கேழ்வரகு மாவைக் கவிழ்த்து, துடுப்பால் நடுவில் ஒரு துளை போட்டு மூடிவிடுவார்கள். கொதி மேலே வந்து மாவு வெந்ததும் பானையை இறக்கி, கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். தமிழ் வீட்டில் களி, தெலுங்கு வீட்டில் சங்கடி, கன்னட வீட்டில் முத்தெ. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ மொச்சைக் குழம்போ கொள்ளுச் சாறோ இருக்கும். மென்று தின்பதில்லை, குழம்பில் புரட்டி விழுங்குவதுதான் வழக்கம். விடிந்ததும் கூழ், பொழுது சாய்ந்ததும் களி என்று நாள் ஓடியது.

அரிசி மெல்ல மெல்ல வந்தது. கே.ஆர்.பி. அணை 1957-ல் திறக்கப்பட்டபின் காவேரிப்பட்டணம் பக்கம் நெல் பச்சைபிடித்தது. ரேஷன் கடை மற்ற ஊர்களுக்கும் அரிசியைக் கொண்டுசேர்த்தது. 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. நெல்லுச்சோறு பண்டிகைக்கு மட்டும் என்றிருந்த வீடுகளில் கேழ்வரகு விருந்தாளியாகிவிட்டது.

எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பின்னால் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. அண்மையில் போச்சம்பள்ளியில் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலையும் சேர்ந்தது. ஷிப்டு வாழ்க்கை ஊருக்குள் நுழைந்தது இப்படித்தான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி இடைவேளை தரச் சொன்னது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேன்டீனும் இருக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் இந்த வாரம் நடுப்பகலில் வரும் அரை மணி, அடுத்த வாரம் நள்ளிரவில் வருகிறது. வயிற்றுக்கு யார் போய்ச் சொல்வது?

ஷிப்டு பார்க்கும் சிலருக்குச் சாப்பிட்டதும் வயிறு முறுக்கும், கழிவறைக்கு ஓட வேண்டும். இல்லையென்றால் மூன்று நாள் கட்டிக்கொள்ளும். ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பியிலும் எதுவும் தெரியாது. டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்று சொல்லும் எரிச்சல்படும் குடல் நோய் இது. வாரத்துக்கு ஒரு நாளாவது, கடந்த மூன்று மாதமாக வலி இருந்து, அது மலம் கழிப்பதோடோ, மலம் போகும் எண்ணிக்கையும் தன்மையும் மாறுவதோடோ தொடர்புபட்டிருக்க வேண்டும் என்பது, இந்த நோயைக் கண்டறிய 2016-ல் வந்த ரோம் அளவுகோல். இந்திய இரைப்பை குடல் மருத்துவர் சங்கக் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில் பொதுமக்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இது இருந்தது. அமெரிக்காவில் செவிலியரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், பகல் ஷிப்டில் மட்டும் இருப்பவர்களைவிட ஷிப்டு மாறி மாறிப் பார்ப்பவர்களிடம் இந்தத் தொல்லை கூடுதலாகத் தெரிந்தது. குடலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. தூக்கம் கலைந்தால் அதுவும் கலைகிறது.

உடனே "களிக்குத் திரும்பினால் வயிறு சரியாகிவிடும்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. பாதிதான் சரி. 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. மலச்சிக்கல்காரருக்கு அது உதவலாம். ஆனால் கூடவே வரும் மொச்சையும் கொள்ளும் வெங்காயமும் பூண்டும், குடலில் நொதித்து வாயுவைக் கிளப்பும் மாவுப்பொருள் கொண்டவை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறையில் இவற்றைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பரோட்டாவின் கோதுமையும் அதே பட்டியலில்தான். குறைசொல்லப்படும் அரிசியோ வாயுத் தொல்லை மிகக் குறைவாகத் தரும் தானியம். வயிற்றுப்போக்கு வகைக்காரருக்குக் குழைந்த சோறே மேல்.

ஆக, தொலைந்துபோனதில் பெரியது தானியமல்ல, வேளை. இரவு ஷிப்டானாலும் வேலைக்குப் போகுமுன் ஒழுங்கான ஒரு சாப்பாடு, நடுராத்திரியில் பஜ்ஜிக்குப் பதில் இரண்டு இட்லி, டீயைக் குறைப்பது, பகல் தூக்கத்துக்கு இருட்டறை, தினம் கொஞ்சம் நடை: இவையெல்லாம் சிப்காட் வாசியும் செய்யக்கூடியவை. தண்ணீரோடு இசப்கோல் உமி எடுத்தால் பலருக்குப் பலன் தெரிகிறது. கோதுமைத் தவிட்டுக்கு அந்தச் சிறப்பு இல்லை.

2023 மே மாதம் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. கேழ்வரகு கிடைத்தால் வாங்கிக் களி கிண்டுங்கள், வயிறு ஏற்றால் தொடருங்கள். ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பத்தியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.