பக்கத்து வீட்டில் விசாரித்த கதை

பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் அக்கம் பக்கத்தில் விசாரிப்பார்கள் இல்லையா? அதைத்தான் பிரைவேட் ஈக்விட்டி ஆட்கள் 'ட்யூ டிலிஜென்ஸ்' என்கிறார்கள். பி.காம் படிக்கும் நமக்கு அது என்றாலே பேலன்ஸ் ஷீட்தான். ஆனால் ஒரு கம்பெனியை யார் நடத்துகிறார்கள், யார் சொன்னால் யார் கேட்கிறார்கள், பணம் எங்கே ஒழுகுகிறது... இதெல்லாம் பேலன்ஸ் ஷீட்டில் கிடைக்குமா?

1988 அக்டோபர். அமெரிக்காவின் ஆர்ஜேஆர் நபிஸ்கோ (ஒரு பக்கம் சிகரெட், இன்னொரு பக்கம் ஓரியோ பிஸ்கட்!) கம்பெனியை அதன் தலைவர் ராஸ் ஜான்சனே கடன் வாங்கி வாங்கப்போவதாக அறிவித்தார். பங்குக்கு 75 டாலர். சில நாட்களிலேயே கேகேஆர் 90 டாலருக்குப் போட்டியாக இறங்கியது.

சிக்கல் இங்கேதான். வழக்கமாக கேகேஆர் நிர்வாகத்தோடு சேர்ந்துதான் வாங்கும். உள்ளே இருப்பவர்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். இந்த முறை உள்ளே இருப்பவரே எதிராளி! கேகேஆர் கேள்வி கேட்க உட்கார்ந்தபோது அதிகாரிகள் பிடி கொடுக்காமல் பேசினார்கள். அறிக்கையும் கணக்கும் கையில் இருந்தன, ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருந்த மனிதர்கள் பிடிபடவில்லை.

அப்புறம் என்ன செய்தார்கள்? பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள் :) ரெனால்ட்ஸின் பழைய தலைவர் பால் ஸ்டிக்ட்டைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொருவர் ஜான் கிரீனியாஸ், பிஸ்கட் பிரிவின் தலைவர். ஜான்சன் இவரைத் தன் கோஷ்டியில் சேர்க்கவில்லை. நபிஸ்கோ இன்னும் எவ்வளவோ லாபம் காட்டலாம், வேண்டுமென்றே இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று இவர் விளக்கினார். எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான ஆள் இவர்தான். ஒதுக்கி வைக்கப்பட்டவர் வாயிலிருந்து வந்த தகவல் எந்த ஆடிட் ரிப்போர்ட்டிலும் வராது. (அவருக்கும் கோபம் இருந்திருக்கும், அதைக் கழித்துத்தான் கேட்கவேண்டும்.)

நவம்பர் 30-ல் கேகேஆர் ஜெயித்தது. அவர்கள் கேட்ட விலை 109 டாலர், ஜான்சனுடையது 112. இரண்டும் கிட்டத்தட்ட சமம்தான் என்று இயக்குநர்களின் கமிட்டி கருதியது. மொத்தம் சுமார் 25 பில்லியன் டாலர், அதுவரை யாரும் பார்க்காத தொகை.

1989-ல் கம்பெனி கைக்கு வந்தபிறகு ஸ்டிக்ட் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். பிறகு அமெரிக்கன் எக்ஸ்பிரஸிலிருந்து லூயி கெர்ஸ்ட்னர் வந்தார். தனி விமானங்கள் விற்கப்பட்டன. 300 மில்லியன் டாலருக்கு மேல் விழுங்கிய 'பிரீமியர்' என்ற புகையில்லா சிகரெட்டும் மூடப்பட்டது.

அப்படியென்றால் கேகேஆர் கொழித்ததா? இல்லை! கடன் கழுத்தை நெரித்ததால் 1990-ல் மேலும் 1.7 பில்லியன் டாலர் போட வேண்டியிருந்தது. 1993 ஏப்ரல் 2-ம் தேதி பிலிப் மோரிஸ் மார்ல்பரோ விலையை 40 சென்ட் குறைத்தது. சிகரெட் லாபம் சரிந்தது. 1995-ல் மிச்சப் பங்குகளை போர்டன் கம்பெனிக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டு கேகேஆர் வெளியேறியது, சொல்லிக்கொள்ளும்படி லாபம் எதுவும் இல்லாமல். விசாரித்ததெல்லாம் வீட்டுக்குள் இருந்தவர்களைப் பற்றி. அடி விழுந்தது எதிர்வீட்டிலிருந்து.