ஐம்பது மில்லிகிராம் இரும்பு

மலேசியாவின் கோலா கிளாவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு பெண் மாசமாக இருக்கும்போது கிளினிக்கில் வாங்கும் மாத்திரையில் இந்த இரும்பின் பயணம் தொடங்குகிறது. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபூமரேட் மாத்திரையில் இரும்பு மட்டும் சுமார் 65 மில்லிகிராம். உடம்பில் சேருவதோ அதில் சிறு பங்கு. பால் வெட்டி முடித்து வந்து தேத்தண்ணியோடு விழுங்கினால் அதுவும் குறையும். எலுமிச்சைச் சாறோடு குடித்தால் கூடும்.

சேர்ந்த இரும்பு தாயின் ரத்தத்திலிருந்து கருப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சைக் கடந்து பிள்ளைக்குப் போகிறது. பெரும்பகுதி போவது கடைசி மூன்று மாதத்தில்தான். சிசேரியனுக்கு நாள் குறித்த தாய், புக்கிட் தங்கா வளைவுகளைத் தாண்டி சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குப் போகும்போது, பிள்ளையின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஞ்சிலும் கொடியிலும் ஓடிக்கொண்டிருக்கும். அது தாயின் ரத்தமல்ல, பிள்ளையுடையது.

பிள்ளையை வெளியே எடுத்ததும் கொடி இன்னும் துடிக்கும். நீலம் பாய்ந்து, முறுக்கிக்கொண்டு, தடித்திருக்கும். நேரம் போகப் போக துடிப்புத் தளர்ந்து, வெளுத்துத் தொய்ந்துவிடும். இயல்பான பிரசவத்தில் முதல் நிமிடத்திலேயே சுமார் 80 மில்லி ரத்தமும், மூன்று நிமிடத்தில் 100 மில்லி வரையும் பிள்ளைக்கு வந்துசேரும். அந்த 100 மில்லியில் இரும்பு ஏறத்தாழ 50 மில்லிகிராம். பிறந்தவுடன் கவ்வி போட்டு வெட்டினால் அது நஞ்சோடு மஞ்சள் கழிவுப் பைக்குள் போகும். மலாய்க் குடும்பமானால் கழுவிப் புதைக்க வீட்டுக்குப் போகும்.

நஞ்சு விழுந்த பிறகே கொடியறுப்பது பழைய மருத்துவச்சிகள் பலரின் வழக்கம். கொடியை அவசரப்பட்டுக் கட்டுவது பிள்ளைக்குக் கேடு என்று எராஸ்மஸ் டார்வின் 1801லேயே எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரசவம் மருத்துவமனைக்கு மாறி, கருப்பையைச் சுருக்கும் ஊசியும் வந்தபோது, உடனே வெட்டுவதும் அந்த நடைமுறையில் சேர்ந்துகொண்டது. அவசரத்தால் பிள்ளைக்கு நன்மை என்று யாரும் நிரூபித்து வந்த பழக்கமல்ல அது.

ஆபரேஷன் அறையில் தயங்க நியாயமான காரணம் உண்டு. கருப்பை திறந்திருக்கிறது, ரத்தம் போகிறது, அறையும் குளிர். இந்தப் பயத்தை நியூயார்க்கில் நேராகச் சோதித்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே நாள் குறித்த 113 சிசேரியன்களில் ஒரு பாதிக்கு 15 நொடிக்குள்ளும், மறு பாதிக்கு 60 நொடி கழித்தும் கவ்வி போட்டார்கள். மறுநாள் தாய்மாரின் ஹீமோகுளோபினில் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. காத்திருந்த பிள்ளைகளுக்கு அது கூடுதலாகவே இருந்தது. 2019இல் முடிவு வெளியானது. வலி எடுக்காத கருப்பை ரத்தத்தை அவ்வளவு வேகமாகத் தள்ளாது. ஆகவே இயல்பான பிரசவத்தின் அளவு இங்கும் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். வருகிற மட்டும் வரட்டுமே, அதை ஏன் மறிக்க வேண்டும்?

எல்லாப் பிரசவத்திலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் வரை காத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை மூச்சுவிடாமல் துவண்டு கிடந்தாலோ, தாய்க்கு ரத்தப்போக்கு மிஞ்சினாலோ டாக்டர் உடனே வெட்டத்தான் வேண்டும். ஆனால் நாள் குறித்த சிசேரியனில் ஆளும் தயார், கதகதப்பான துணியும் தயார், நொடி எண்ண ஒரு நர்ஸும் இருக்கிறார். இங்கே அந்த ஒரு நிமிடம் கிடைக்காமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. தேதி எழுதும்போதே மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், கேட்டுவிடலாம்: “பிள்ளை நல்லா அழுதா, ஒரு நிமிஷம் கழிச்சு கொடிய வெட்டுவாங்களா மிஸ்ஸி?”

பிறந்த பிறகு தாய்ப்பாலில் நாளொன்றுக்குக் கிடைக்கும் இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. சுவீடனில் 400 குழந்தைகளைக் கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், உடனே வெட்டியவர்களில் 5.7 விழுக்காட்டினருக்கு நான்காம் மாதம் இரும்புக் குறைபாடு. மூன்று நிமிடம் காத்திருந்தவர்களில் 0.6 விழுக்காடுதான். ஆறாம் மாதம் கஞ்சியில் கோழி ஈரலை மசித்து ஊட்டத் தொடங்கும்வரை, பிள்ளைக்குப் புது ரத்தம் ஊறுவது பெரும்பாலும் பிறக்கும்போது சேர்ந்த இரும்பின் கையிருப்பிலிருந்துதான்.