கவலைத் தோலும் கிணற்று நீரும்

ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் ஏரியையோ கோயிலையோ மரத்தையோ சுட்டும். தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்ரயிலில் இரண்டாம் நிறுத்தமான குரோம்பேட்டையோ ஓர் உலோகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் அங்கு நிறுவிய குரோம் லெதர் கம்பெனியே அதற்குக் காரணம் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால், குரோம் முறையைச் சென்னை மாகாணத்தில் வேரூன்றச் செய்ய முதலில் முயன்றது அரசே என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவது நம் மண்ணின் பழைய தொழில். 1903 அளவில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் அரசு அதிகாரி குரோம் உப்பால் பதனிடும் சோதனைகளைச் சென்னையில் தொடங்கினார். அவர் மனத்தில் இருந்த பயன்களுள் ஒன்று கவலை இறைவை. கிணற்று நீரில் நாளெல்லாம் நனையும் தோற்பறிக்கு, நீரைத் தாங்கும் குரோம் தோல் ஏற்றது என்று அவர் கருதினார். அரசே தொழில் நடத்துவதை லண்டன் விரும்பவில்லை. 1910இல் இந்திய அமைச்சராயிருந்த மார்லி அதற்குத் தடை விதித்தார். அரசு விலகியது, தொழில் தனியார் கையில் வளர்ந்தது.

பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் வரை தோல் பதனிடும் கூடங்கள் பெருகின. ஏற்றுமதியும் வேலைவாய்ப்பும் பெருகியதை மறுப்பதற்கில்லை. ஆனால் பச்சைத் தோலில் ஏறிய உப்பும், தோல் உறிஞ்சாது விட்ட குரோமும் கழிவுநீரோடு மண்ணில் இறங்கின. கிணற்றுக்கென்று எண்ணிய தோல், கடைசியில் கிணற்றையே கெடுத்தது.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியம் அமைந்தது. குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் ஆலைகள் கூடாதென்று 1989இல் அரசாணை பிறந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்ட மானியமும் தருவதாகச் சொன்னார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டும் பெரும்பாலான கூடங்கள் அசையவில்லை. காரணம் எளிது. கழிவைச் சுத்திகரிப்பவனுக்குச் செலவு கூடும். சுத்திகரிக்காத அண்டைக்காரன் மலிவாக விற்பான். நல்லவனாக இருப்பது நட்டமாகும் சந்தையில், எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே நாளில் வந்தாலொழிய எவரும் முதலடி வைக்கமாட்டார்.

அந்த நாளை நீதிமன்றமே குறிக்க வேண்டியதாயிற்று. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் எல்லைக்குள் வந்த ஐந்து மாவட்டங்களுள் நம் புறநகர்ப் பகுதி அன்று அடங்கியிருந்த செங்கை எம்ஜிஆர் மாவட்டமும் ஒன்று. ஒவ்வொரு கூடத்துக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு, இல்லையேல் மூடல். மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்பதும், முழுச் சான்று கிட்டும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்பு அறிவித்தது.

கட்டுப்பாடு தொழிலைக் கொன்றுவிடும் என்பார் உளர். தனியாக நிலையம் கட்ட வசதியற்ற சிறு கூடங்கள் பல்லாவரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இணைந்து பிழைத்தன என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். அதே வேளையில், நிலையம் கட்டியதோடு கடமை முடிவதுமில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். காப்பதற்கென்று கட்டியதையும் கண்காணிக்க ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா?

2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் வேலூர்த் தோல் கழிவு குறித்து மீண்டும் தீர்ப்புரைத்தது. பாதிப்பு நீங்கும்வரை ஈடு தரும் பொறுப்பும் நீங்காது என்பது அதன் சாரம். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள். ஒரு தலைமுறை தன் கிணற்றை மூடிவிட்டுக் குடத்துக்கு விலை கொடுக்கப் பழகிக்கொள்ளப் போதுமான காலம்.

தொழிலைத் தொடங்கிவைத்த அரசு 1910இல் விலகியது பிழையன்று. முதலாளியாக விலகியபோது, காவலனாக நிற்க மறந்ததே பிழை. பல்லாவரமும் பம்மலும் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டன. மாநகரின் குடிகளாகிவிட்ட நாம், நம் தெருவின் நிலத்தடி நீரை எவர், எப்போது, எத்தனை முறை சோதித்தார் என்றாவது கேட்டறிய வேண்டாமா?