சிற்றீயும் சிறு செய்தியும்

முந்திரிப் பழம் கனியும் நாளில் குயிலாப்பாளையத்துத் தோப்புகளில், விழுந்து புளித்த பழங்களைச் சூழ்ந்து செங்கண் ஈக்கள் மொய்ப்பதைக் காணலாம். 1910இல் தாமஸ் மார்கன் இப்பழ ஈக்களிடையே வெண்கண் உடைய ஒன்றைக் கண்டது முதல், இச்சிற்றுயிரே மரபியலின் பாடநூலாயிற்று.

மரபணுவின் கட்டளையை ஆர்.என்.ஏ. சுமந்து செல்லும்; அதன்படி புரதம் உருவாகும். இதுவே அறிஞர் வகுத்த நெறி. புரதத் தொழிலுக்குத் துணைபுரியும் சில வகைகள் நீங்கலாக, புரதம் ஆகாத ஆர்.என்.ஏ.வை நெடுங்காலம் பலரும் பொருட்படுத்தவில்லை.

1970இல் லகோட்டியா, முகர்ஜி என்னும் கல்கத்தா ஆராய்ச்சியாளர் இருவர், ஈயின் புழுப்பருவ உமிழ்நீர்ச் சுரப்பியைப் பென்சமைடு என்னும் வேதிப்பொருளில் இட்டனர். குரோமோசோமில் 93டி என்னும் இடம் தனித்து உப்பி எழுந்தது. ஆர்.என்.ஏ. மிகுதியாகப் பிறக்கும் இடமே அவ்வாறு உப்பும். ஆனால், அங்குப் பிறந்த நீண்ட ஆர்.என்.ஏ., புரதமாக மாறாமல் உயிரணுவின் உட்கருவிலேயே தங்குவது பின்னர்ப் புலனாயிற்று. லகோட்டியா காசிக்குச் சென்ற பின்னரும் பல்லாண்டுகள் அதனை விடாது ஆராய்ந்தார்.

நீண்டதே புதிராயின், குறுகியதை யார் தேடுவர்? 1993இல் ஆம்ப்ரோஸும் ரவ்கனும், உருளைப்புழுவின் வளர்ச்சியை அடக்கியாளும் சிற்றார்.என்.ஏ. ஒன்றைப் பற்றி வெளியிட்டனர். அதன் நீளம் ஏறத்தாழ 22 எழுத்துகளே. புழுவுக்கு மட்டும் உரிய விந்தை என்றே அது முதலில் கருதப்பட்டது.

பழ ஈ அவ்வெண்ணத்தை மாற்றத் துணை நின்றது. குறைந்தால் ஈயின் உடலே சிறுத்துவிடும் மரபணு ஒன்றிற்கு, 'பான்டம்' என்னும் குட்டைக் கோழியின் பெயரை இட்டிருந்தனர். அது ஆக்கும் புரதம் யாது எனத் தேடியும் கிட்டவில்லை. அது ஆக்குவது சிற்றார்.என்.ஏ.வையே என்று 2003இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கோஹென் குழுவினர் கண்டனர். உயிரணுவை மாய்க்கும் 'ஹிட்' மரபணுவின் செய்தியில், தனக்கு இணையான எழுத்துகளைப் பற்றிக்கொண்டு, அச்செய்தி புரதம் ஆகாமல் அது தடுக்கிறது. அதனால் உயிரணு பிழைக்கிறது.

ஈயின் இறக்கைக்குப் பின்னே, பறக்கையில் நிலைகாக்கும் குண்டூசி வடிவ உறுப்பு உண்டு. அதனை அமைக்கும் மரபணுவின் செய்தியை, 'ஐஏபி-4' என்னும் சிற்றார்.என்.ஏ.வைக் கொண்டு 2005இல் ஆய்வாளர் அடக்கினர். அவ்வுறுப்பு இறக்கையாக உருமாறியது!

2024இல் ஆம்ப்ரோஸும் ரவ்கனும் நோபல் பரிசு பெற்றனர். மாணவ நண்பர்களே, பேசுவதற்கு மட்டுமன்று, பேச்சை அடக்குவதற்கும் உயிர் மொழி வைத்திருக்கிறது. புரதம் இல்லை என்று கண்ட இடத்தில் ஆராய்ச்சியை நிறுத்தாதவர்களே அம்மொழியைக் கேட்டனர்.